வெங்காயத்தின் மேல் போட்ட பழி

இந்த ரத்தம் எந்த நாயினுடையது என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஊசி குத்திய அட்டெண்டர் "நல்ல பெரிய நாயிங்கம்மா" என்றார். தரை துடைக்கிற பெண் "அதெல்லாம் ஃப்ரிஜ்ஜுல இருக்குமுங்க" என்றாள். டாக்டர் மெர்சி மட்டும் "லாப்ரடார்ம்மா, மூணு வயசு, பொருத்தம் பார்த்துத்தான் ஏத்தறோம்" என்று நிதானமாகச் சொன்னாள். நிதானமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. டெலிபோன் இலாகாவில் முப்பத்தேழு வருஷம் இருந்தவள் நான். அதில் முதல் பன்னிரண்டு வருஷம் கோயம்புத்தூர் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தேன். லைன் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கொஞ்சம் கேட்கலாம் என்பது விதி, கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று விதியில் எழுதவில்லை. நான் நிறையவே கேட்டேன். மனிதர்கள் பொய் சொல்லும்போது குரல் நடுங்காது, அழகாக, அயர்ன் பண்ணின மாதிரி வரும். அதனால்தான் இந்த டாக்டர் பெண்ணின் குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பத்தரை மணிக்கு ஏற்ற ஆரம்பித்தது, இரண்டு மணி வரைக்கும் ஆகுமாம். சொட்டு, சொட்டு. நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. சீடை என் பழைய சால்வை மேல் படுத்துக் கண்ணை மட்டும் திருப்புகிறாள். பீகிள் நாய்க்குக் கண் எப்போதுமே நம்மை ஏதோ குற்றம் சொல்கிற மாதிரிதான் இருக்கும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. இரண்டரை வயது. இந்த வயதில் இவளுடைய அம்மா ஜாங்கிரி மூன்றாம் மாடி வரைக்கும் நாலு கால் பாய்ச்சலில் ஏறுவாள். இவள் ஒரு மாடி ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது சோம்பேறி என்று திட்டினேன், கண்ணு, உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன்.

வெளியே அனுப்பிய டெஸ்ட்டின் முடிவு இன்றைக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றார்கள். வரட்டும். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வெங்காயம்தான் வரும். முதல் நாள், மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமை, இதே மேஜை மேல் சீடையைப் படுக்க வைத்து இந்த டாக்டர்தானே கேட்டாள், "வெங்காயம் போட்ட சாப்பாடு எதாச்சும் குடுத்தீங்களாம்மா? எலி மருந்து எங்கயாச்சும் வெச்சிருந்தீங்களா?" எலி மருந்து எங்கள் அபார்ட்மென்ட்டில் கிடையாது. வெங்காயம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. வெங்காயம் தின்றால் நாய்க்கு ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு உடையுமாம், பூண்டும் அப்படித்தானாம். நிறுத்திவிட்டால் சில வாரத்தில் புது ரத்தம் ஊறிச் சரியாகிவிடுமாம். சரியாகிவிடும் என்று அவள் வாயாலேயே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வரைக்கும் வந்தேன். சின்ன வெங்காய சாம்பார். எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் அதுதான். பத்தொன்பது வருஷமாக அதை வைக்கிறவள் மாராத்தாள். வேலை முடிந்ததும் பின்பக்க பால்கனியில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், சீடை அவள் முட்டியில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்தையும் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு யார்தான் ஒரு உருண்டை உருட்டிப் போட மாட்டார்கள்? நானே போட்டிருப்பேன். நான் போட்டதில்லை. போட்டதில்லையா? பொங்கலன்று வடை ஒன்று போட்டேன், அதில் வெங்காயம் இல்லை, இருந்திருக்காது, உளுந்து வடைக்குப் போடுவது அவரவர் வழக்கம். அதை விடு. மாராத்தாள்தான். அவள் குற்றவாளி என்றால் எல்லாம் சரியாக வருகிறது: கை தெரிகிறது, பாத்திரம் தெரிகிறது, நிறுத்தவும் முடிகிறது.

அன்று சாயந்திரமே கேட்டேன். அவள் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "இல்லீங்கம்மா, அதுக்கு நான் தயிர்ச்சோறு மட்டுந்தானுங்க வெச்சேன்" என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு? இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதாதா? எனக்கு அது போதும், எக்ஸ்சேஞ்சில் அந்த மாதிரி இடைவெளியை ஆயிரம் கேட்டிருக்கிறேன், அதில்தான் எல்லாம் இருக்கும். "பத்தொம்பது வருசமா எங்கூட்டுச் சோத்தத் தின்னுட்டு எங் கொழந்தைக்கே வெசம் வெக்கறயா" என்று கேட்டேன். குரலை ஏற்றாமல்தான் கேட்டேன். அவள் அழவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. "சீடைய நானும்தானுங்க தூக்கி வளத்தேன்" என்றாள், சாவியை ஃப்ரிஜ் மேல் வைத்தாள், போனாள். பிறகு யோசித்தால் அந்த நிற்பு பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்ன கேட்கிறார்கள் என்றே புரியாதவர்களும் அப்படித்தான் நிற்பார்கள். அடி வாங்கினவர்களும் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் யோசித்தது பிறகுதானே. அதற்குள் புதன்கிழமை அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன், முப்பத்திரண்டு வீடும் படித்தாகிவிட்டது. வேலைக்காரி மாராத்தாள் என் நாய்க்கு ஆகாத சாப்பாடு வைத்திருக்கிறாள், நாய் உயிருக்குப் போராடுகிறது, அவரவர் வீட்டில் ஜாக்கிரதை. அவளுடைய போட்டோவும் போட்டேன், ஆயுத பூஜைக்கு எடுத்தது, புதுச் சேலையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் வேலை செய்த மற்ற நான்கு வீட்டிலும் அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமைதானே? டாக்டர் போன் பண்ணியது வியாழக்கிழமை. போட்டது புதன், போன் வந்தது வியாழன். அப்படித்தான். மொபைலை எடுத்துப் பார்த்தால் தேதியும் மணியும் தெரியும். பார்க்க என்ன அவசியம்?

சொட்டு நிற்கிற மாதிரி இருந்தது, எழுந்து குழாயைத் தட்டினேன். "அதத் தொடாதீங்கம்மா" என்று அட்டெண்டர் வாசலிலிருந்தே சொல்கிறார். என்னைக் கண்காணிக்கிறாராம். கண்காணிக்கிற வேலையை எனக்கே கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து மேஜையில் ஒரு பொமரேனியன், அதன் எஜமானி அம்மாள் என்னையும் ரத்தப் பையையும் பார்த்துவிட்டு அவசரமாகத் தன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஒட்டுவாரொட்டி என்று நினைக்கிறாளோ என்னவோ. பொருத்தம் பார்த்து ஏற்றுகிறோம் என்றாளே டாக்டர், அந்த வார்த்தை காலையிலிருந்து காதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பொருத்தமே பார்க்கவில்லை. தாய்மாமனுக்கு எதற்குப் பொருத்தம்? பிறந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாளாம், "இவள் என் தம்பி செங்கோடனுக்கு" என்று. பன்னிரண்டு வயது பெரியவர், சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துத் தேர்க்கடைக்குக் கூட்டிப்போவார். இருபத்திரண்டு வயது வரைக்கும் நான் வேறு ஒருவர் முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். எண்பத்து நான்கில் ஒரு மத்தியான ஷிஃப்டில் திருப்பூரிலிருந்து சேலத்துக்கு ஒரு கால் கேட்டார்கள். நான்தான் போட்டேன். லைன் சேர்ந்ததா என்று பார்த்தேன், சேர்ந்திருந்தது. மாமன் குரல். அந்தப் பக்கம் ஒரு பெண். "அக்கா மவளக் கட்டினா பொறக்கறது நொண்டியும் மொடமுமாப் போகும்னு எங்கூட்டுல சொல்லி மறுத்துர்றேன், நீ கவலைப்படாத" என்றார். அழகான, நிதானமான குரல். மூன்று நிமிஷம் முடிந்ததும் இன்னும் மூன்று நிமிஷம் வேண்டுமா என்று நான் கேட்க வேண்டும், கேட்டேன், வேண்டும் என்றார். என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது சாக்கு என்று எனக்குத் தெரியும், அவர் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் இல்லை, அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆனால் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நொண்டி, முடம். பிறக்காத என் பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர். அதன் பிறகு நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, யார் சொல்வதையும் நம்பவும் இல்லை.

அதனால்தான் ஜாங்கிரி விஷயத்தில் அப்படிச் செய்தேனா? தெரியவில்லை. என் தம்பி குழந்தைவேலும் நானும் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பீகிள் குட்டிகளை வாங்கினோம். பெட்டை லட்டு எனக்கு, கடுவன் பூந்தி அவனுக்கு. லட்டுக்கு வேறு ஒரு நாயோடு சேர்ந்து பிறந்தவள்தான் ஜாங்கிரி. அப்படிப் பார்த்தால் பூந்தி ஜாங்கிரிக்குத் தாய்மாமன். ஜாங்கிரிக்குப் பருவம் வந்தபோது குழந்தைவேல் வெளியில் நாய் தேடலாம் என்றான். நான்தான், "ஊட்டுல மாமன வெச்சுக்கிட்டு வெளிய எதுக்குடா தேடற" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஊரில் எங்கள் கல்யாணங்களுக்குச் சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மஞ்சள் நூல் ஒன்றை ஜாங்கிரி கழுத்தில் சுற்றினான். மாராத்தாள் ஆரத்தி எடுத்தாள். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன், முறை மாப்பிள்ளை என்று எழுதி. எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கும் வேடிக்கைதான், ஆனால் அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி நிறைவாக இருந்ததே, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து குட்டி. ஒன்றுகூட நொண்டி இல்லை, முடம் இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கால் விரலை எண்ணிப் பார்த்தேன். பார்த்தாயா மாமா என்று சொல்லிக்கொண்டேன். செத்துப்போனவரிடம் ஜெயித்து என்ன, ஆனால் சொல்லிக்கொண்டேன். நான்கைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் சாதுவான, யார் மடியிலும் உடனே தூங்கிவிடுகிற குட்டியை நான் வைத்துக்கொண்டேன். சாது என்று நினைத்தேன்.

டாக்டர் மெர்சி வருகிறாள். கையில் காகிதம். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்காருகிறாள். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயம் என்றால் நின்றுகொண்டே சொல்லியிருப்பாள். "ரிசல்ட் வந்துருச்சும்மா. சிவப்பணு உயிரோட இருக்க சர்க்கரைலருந்து சக்தி எடுக்கணும், அதுக்கு ஒரு என்சைம் வேணும். பைருவேட் கைனேஸ்னு பேரு. சீடைக்கு அது பிறவியிலயே சரியா அமையல. மூணு மாசத்துக்கு மேல இருக்க வேண்டிய அணு இவளுக்குச் சில வாரத்துலயே உடைஞ்சுருது. உடம்பு புதுசு புதுசா செஞ்சு செஞ்சு களைச்சுப் போகுது." அவள் சொல்கிறாள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டுமே பழுதாக வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதாக இருக்கிற நாய் நன்றாக ஓடும், குரைக்கும், கிழமாகும், யாருக்கும் தெரியாது. அதாவது ஜாங்கிரி. அதாவது பூந்தி. "இவளோட அம்மா, அப்பா ரெண்டும் சொந்தமாம்மா?" என்கிறாள். மனிதர்களிடம் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். உடனே பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கிறேன், வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பிறகு "தாய்மாமன் முறைங்க" என்கிறேன். இதுவரைக்கும் இதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் இவள்தான். காகிதத்தில் எழுதிக்கொள்கிறாள். மற்ற நான்கு குட்டிகளையும் டெஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டுமாம், ஜாங்கிரிக்கு இனிமேல் குட்டியே கூடாதாம்.

"வெங்காயமும் கொஞ்சம் காரணமா இருக்கலாமில்லீங்க டாக்டரம்மா" என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருக்கிறது, காய்காரனிடம் கொசுறு கேட்கிற மாதிரி. ஒரு கால் பங்கு, ஒரு கைப்பிடி வெங்காயம் போதும் எனக்கு. அவள் என்னைப் பார்க்கிறாள். "வெங்காயம் இல்லன்னு அன்னிக்கே போன்ல சொன்னேனேம்மா. வெங்காயம்னா அணுவுல ஒரு அடையாளம் இருக்கும், மைக்ராஸ்கோப்ல பார்த்தேன், இல்ல, இது பிறவிக் கோளாறாத்தான் இருக்கும், டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னேனே." சொன்னாள். நிதானமாகச் சொன்னாள், அதனால் நம்பவில்லை. இல்லை, அது பொய். நான் இப்போது எனக்கே டிரங்க் கால் போட்டுப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்பினேன். போனை வைத்ததும் ஜாங்கிரி வந்து கையை நக்கினாள், அவளைத் தள்ளிவிட்டேன், இதெல்லாம் நம்பாதவள் செய்கிறதா? மொபைலை எடுக்கிறேன். டாக்டர் அழைத்தது புதன்கிழமை, காலை பதினொன்றே கால், ஆறு நிமிஷம் பேசியிருக்கிறோம். குழுவில் மாராத்தாள் போட்டோ போட்டது வியாழக்கிழமை, காலை எட்டு மணி. ஒரு பகல், ஒரு ராத்திரி நடுவில் இருந்திருக்கிறது. தெரிந்தே போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான் இருக்கிறது, யாரும் கேட்காததால் எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்: அவள் வெங்காயம் வைத்திருந்தால் சீடை பிழைத்துவிடுவாள். அவள் வைக்கவில்லை என்றால் சீடைக்கு மருந்து கிடையாது. முப்பத்திரண்டு வீடும் நம்பிவிட்டால் ரத்தமும் நம்பிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. ஒரு நாயைக் காப்பாற்ற ஒரு மனுஷியைக் கொடுத்தேன். அவளையும் கொடுத்து நாயும் இல்லை.

"எத்தன நாளைக்குங்க?" என்றேன். "பெரும்பாலும் நாலு, அஞ்சு வயசு வரைக்கும்தான்ம்மா. நடுவுல தேவைப்பட்டா ரத்தம் ஏத்தலாம். வலி இல்லாம பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கையில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்தேன். சீடை உதட்டை மறுபடி தூக்கிப் பார்க்கிறேன். லேசாக, மிக லேசாக ரோஸ் வந்திருக்கிறது. ஏதோ ஒரு வீட்டில் வாலை ஆட்டிக்கொண்டிருக்கிற லாப்ரடாரின் நிறம். வால் நுனி சால்வையைத் தட்டுகிறது. பாவி, நன்றாகிவிட்டோம் என்று நினைக்கிறாள். எனக்கு அழுகை வருகிறது, பொமரேனியன்காரி பார்த்தால் பார்க்கட்டும். மாராத்தாள் நம்பர் மொபைலில் இருக்கிறது. போனில் சொல்ல மாட்டேன். போனில் மனிதர்கள் எப்படியெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நேரில் போக வேண்டும், உக்கடம் பக்கம் வீடு, பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் போனதில்லை. அவள் கதவைச் சாத்தினால் சாத்திக்கொள்ளட்டும், அது அவள் பாத்தியதை. ஆனால் அதற்கு முன்னால் குழுவில் எழுத வேண்டும். எழுதினால், சீடை பிழைக்க மாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விரல் அதற்குத்தான் தயங்குகிறது. என் மானம் போவதற்காக இல்லை. மானமும்தான், பொய் எதற்கு. மாராத்தாள் சீடைக்கு எதுவும் வைக்கவில்லை என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். டாக்டர் அதை என்னிடம் முன்பே சொல்லிவிட்டார், தெரிந்துகொண்டுதான் அவள் போட்டோவைப் போட்டேன், சௌந்தரம், சி பிளாக். அனுப்பிவிட்டேன். நீல டிக் ஒவ்வொன்றாக வருகிறதா என்று பார்க்கத் தேவையில்லை, வந்திருக்கும். ரத்தப் பையில் கால் பாகம் இன்னும் இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து அசோசியேஷன் செயலாளர் வரதராஜ் மட்டும் கேட்டார்: "அப்ப நாய்க்கு இப்படி ஆக்குனது யாருங்கம்மா?"

அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. சீடையின் காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடித்தேன்: "நான்தானுங்க."